முன்வரிசையில் அக்கா

மருத்துவமனையின் கூட்ட அறையில் நாற்பது நாற்காலிகள் போட்டிருந்தார்கள். சின்னவள் அவற்றை இரண்டு முறை எண்ணிவிட்டாள். எண்ணி ஆகப்போவது ஒன்றுமில்லை. மேசையில் எல்லாவற்றையும் எடுத்து வைத்தாகிவிட்டது. கைக்கு வேலை இல்லாதபோது கண்ணுக்காவது ஒரு வேலை வேண்டியிருந்தது.

போன வாரம் ஊட்டச்சத்து நிபுணர் கேட்டபோது தலையாட்டிவிட்டு வந்ததன் பலன் இது. பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு வீட்டில் எப்படிச் சமைப்பது என்று அவர்களுடைய குடும்பத்தாருக்குச் செய்து காட்ட வேண்டும். ஒரு மணி நேரம். அக்காவுக்குத் தினமும் செய்வதைத்தானே செய்யப் போகிறீர்கள் என்று அந்த அம்மாள் சொன்னபோது மறுக்கத் தோன்றவில்லை. மறுக்க வேண்டுமானால் அதற்கும் பேச வேண்டுமே.

பன்னிரண்டு வருஷமாக அக்காவும் அவளும் ஊர் ஊராகப் போய்ச் சமைத்துக் காட்டுகிறவர்கள். பாத்திரக் கடைத் திறப்பு விழா, பொருட்காட்சி, பெண்கள் சங்கம் என்று எங்கே கூப்பிட்டாலும் போவார்கள். பேசுவது அக்கா. வெட்டுவது, அளப்பது, எடுத்துக் கொடுப்பது, கழுவி வைப்பது எல்லாம் சின்னவள். கூட்டம் அக்காவுக்குக் கரண்டியக்கா என்று பேர் வைத்திருந்தது. கையில் கரண்டி இருந்தால் போதும், அக்காவுக்குப் பேச்சு ஊற்றாக வரும். மேடையில் ஏறியதும் முதல் வேலையாகத் தங்கையைக் காட்டி, "இது என் தங்கச்சி, வாயில்லாப்பூச்சி. இவ கத்தி மட்டும்தான் பேசும்" என்பாள். கூட்டம் சிரிக்கும். சின்னவளும் சிரிப்பாள். அதற்கு மேல் அவள் வாயைத் திறக்க வேண்டியதில்லை. அது அவளுக்கு வசதியாகத்தான் இருந்தது.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு பொருட்காட்சி மேடையில், அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே, அக்கா சரிந்தாள். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிகிறது. ஆனால் வாயிலிருந்து வருவது ஒரே ஒரு வார்த்தைதான். உப்பு. தண்ணீர் வேண்டுமென்றாலும் உப்பு, ஜன்னலைச் சாத்தச் சொன்னாலும் உப்பு, புருஷனைக் கூப்பிட்டாலும் உப்பு.

கடந்த இரண்டு வாரமாகச் சாப்பாட்டையும் ஒதுக்கிவிட்டாள். நாலு கரண்டிக்கு மேல் உள்ளே இறங்குவதில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டால் அவ்வளவுதான். எடை இறங்கிக்கொண்டே போகிறது. இப்படியே போனால் வியாழக்கிழமை மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இன்று செவ்வாய்.

அத்தான் ஏணியில் நின்று கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தார். அவர் எலக்ட்ரீஷியன். மேசைக்கு மேலே சாய்வாகத் தொங்கும் அந்தப் பெரிய கண்ணாடி அவர் கையால் செய்தது. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் சட்டிக்குள் என்ன கொதிக்கிறது என்று அதில் தெரியும். வீட்டில் சும்மா கிடந்த பழைய பீரோவின் கண்ணாடிதான்.

அக்காவைக் கூட்டி வருவதில் அவருக்கு இஷ்டமே இல்லை. காலையில் அவள் தன் ஏப்ரனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு விடவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் சக்கர நாற்காலியோடு வண்டியில் ஏற்றினார். இப்போது ஏணியிலிருந்து இறங்கி வந்து, சின்னவளுக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னார்.

"அவளைக் காட்டி எதுவும் சொல்லாதே. வந்தவங்க வேடிக்கை பார்க்கறதுக்கு இல்ல அவ."

சின்னவள் சரி என்று தலையாட்டினாள்.

பத்து மணிக்கு அறை நிறைந்துவிட்டது. யாரும் சிரித்துப் பேசிக்கொண்டு உள்ளே வரவில்லை. பொருட்காட்சிக் கூட்டத்துக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம். வார்டில் யாரையோ தனியாக விட்டுவிட்டு வந்தவர்கள், மணியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். முன்வரிசையின் ஓரத்தில் அக்கா. அவள் பக்கத்தில் ஊட்டச்சத்து நிபுணர்.

சின்னவள் சொன்ன வணக்கம் எதிரில் இருந்த பூசணிக்காய்க்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

தலையைக் குனிந்து வேலையை ஆரம்பித்தாள். பூசணிக்காயைப் பிளந்தாள், தோல் சீவினாள், ஒரே அளவில் துண்டு போட்டாள். உருளைக்கிழங்கை நறுக்கினாள். கைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அறையில் கத்திச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. துண்டுகளைச் சட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றி மூடினாள். அதற்குப் பிறகு வேகிற வரையில் என்ன செய்வது என்று தெரியவில்லை. இந்த இடத்தில்தான் அக்கா ஏதாவது கதை சொல்வாள். அவளுடைய மாமியார் முதல் முதலாக அவள் சமையலைச் சாப்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்த் தண்ணீர் கேட்ட கதையை எத்தனையோ கூட்டத்தில் சொல்லியிருக்கிறாள்.

யாரோ இருமினார்கள். ஒருவர் போனை எடுத்தார். மூன்றாம் வரிசையில் ஒரு பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். அத்தான் சரியாக இருந்த கண்ணாடியை மறுபடியும் சரி செய்தார்.

அப்போது அக்கா இடது கையால் நாற்காலிப் பிடியை ஓங்கித் தட்டினாள்.

"உப்பு" என்றாள். இன்னும் பலமாக, "உப்பு, உப்பு."

அம்மா உப்புப் போடச் சொல்கிறார்கள் என்று இரண்டாம் வரிசையிலிருந்து ஒருவர் உதவிக்கு வந்தார். ஒன்றிரண்டு பேர் லேசாகச் சிரித்தார்கள். சின்னவளுக்கு மட்டும் தெரியும், அது உப்பைப் பற்றிய பேச்சே இல்லை. பன்னிரண்டு வருஷமாக, மேடைக்குப் பின்னால், அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன அதே விஷயம்தான். தலையைத் தூக்குடி. கடைசி வரிசையைப் பாரு.

தலையைத் தூக்கினாள். கடைசி வரிசையில் ஒரு தபால்காரர் சீருடையோடு உட்கார்ந்திருந்தார். பை மடியில் இருந்தது. கழுத்தை நீட்டிக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னவள் அவரைப் பார்த்துப் பேசினாள்.

"இவங்க என் அக்கா" என்றாள். "சமைக்கிறதுதான் எங்க தொழில். ஆனா அக்காவுக்கு இப்படி ஆன பிறகு, முதல் வாரம் நான் செஞ்சு கொடுத்தது எல்லாமே தப்பு."

அத்தான் திரும்பிப் பார்த்தார். அவள் அவர் பக்கம் பார்க்கவில்லை. எழுந்த பெண் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு பேச்சு எப்படியோ வந்தது. அக்காவுடைய பேச்சு மாதிரி இல்லை. கதையில்லை, நையாண்டியில்லை. தான் செய்த தப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றையும் மேசையிலேயே செய்து காட்டினாள். உடம்புக்கு முடியாதவர்களுக்குத் தண்ணீர் மாதிரி சூப்தான் நல்லது என்று நினைத்துக் கொடுத்தது. அந்த சூப்பைக் கரண்டியில் எடுத்துச் சாய்த்தாள். சட்டென்று ஓடிவிட்டது. இவ்வளவு வேகமாக ஓடினால் தொண்டைக்குத் தயாராக நேரம் இருக்காது, மூச்சுக் குழாய்க்குள் போய்விடும் என்றாள். ரொட்டியைப் பாலில் ஊற வைத்துக் கொடுத்தது. அதைப் பிழிந்து காட்டினாள். பால் தனியாக, சக்கை தனியாக வந்தது. வாய்க்குள்ளும் அப்படித்தான் பிரியும், இரண்டையும் ஒரே நேரத்தில் சமாளிக்க அவர்களால் முடியாது என்றாள்.

வெந்த பூசணியையும் கிழங்கையும் மசித்து, சல்லடையில் தேய்த்து நாரை எடுத்தாள். சோள மாவைக் கரைத்து ஊற்றிக் கிளறினாள். சட்டியைக் கூட்டத்தின் பக்கம் சாய்த்துப் பிடித்து, எது வரைக்கும் கிளற வேண்டும் என்று காட்டினாள். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தாள். ஒரு நொடி நின்று, பிறகு ஒரே கட்டியாக வழுக்கி விழுந்தது.

"இப்படி விழணும்" என்றாள். "ஓடவும் கூடாது, ஒட்டிக்கவும் கூடாது."

ஆளுக்கு ஒரு சிறு கிண்ணம் கொடுத்தாள். பல்லால் தொடாமல், நாக்கை மட்டும் வைத்து விழுங்கிப் பார்க்கச் சொன்னாள். நாற்பது பேரும் வாயை மூடிக்கொண்டு, முகத்தைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.  ஒரு வாய் உள்ளே போவதற்கு எவ்வளவு நேரமாகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு பெரியவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, தன் மனைவியிடம் தினமும் "சீக்கிரம், சீக்கிரம்" என்று சொல்லிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். 

சின்னவள் முன்வரிசையைப் பார்த்தாள். ஊட்டச்சத்து நிபுணர் அக்காவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். அக்கா வாயைத் திறந்தாள், விழுங்கினாள், மறுபடியும் திறந்தாள். ஆறு, ஏழு, எட்டு. கிண்ணம் காலி. சின்னவளால் நம்ப முடியவில்லை. வீட்டில் இதே பூசணி, இதே பதம், இதே கரண்டி. வாய் திறக்க மாட்டேன் என்றவள் இங்கே காலி செய்துவிட்டாள். கூட்டத்தைப் பார்த்ததும் பழைய உற்சாகம் வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டாள். வியாழக்கிழமை கொஞ்சம் தள்ளிப் போன மாதிரி இருந்தது.

கேள்வி இருந்தால் கேட்கலாம் என்று ஊட்டச்சத்து நிபுணர் சொன்னார். தபால்காரர் எழுந்து நின்றார். அவர் மனைவி மேலே நாலாம் மாடியில் இருக்கிறாளாம். இது மறுபடியும் வரக்கூடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம்.

"மறுபடி வந்தா முதல்ல எப்படித் தெரியும்?" என்று கேட்டார். "உங்க அக்காவுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அது சமையல் கேள்வி இல்லை. பக்கத்தில் இருந்த நிபுணரிடம் தள்ளிவிட்டிருக்கலாம். அவரும் பதில் சொல்ல வாயெடுத்தார். ஆனால் மனிதர் சின்னவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்குப் போனால் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது. எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாராவது சொல்லத்தான் வேண்டும்.

கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வெங்காயம் வதக்கிட்டிருந்தோம்" என்றாள். "அக்கா கூட்டத்தைப் பார்த்து, 'இப்ப கதவை நல்லா பொன்னிறமா வதக்கணும்'னு சொன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. அக்கா எப்பவும் தமாஷ் பண்ணுவா. அடுத்தது, 'நாற்காலியைப் பொடியா நறுக்கிக்கணும்'னு சொன்னா. கை தட்டினாங்க. நான் பின்னால நின்னு வெட்டிட்டிருந்தேன். நானும் சிரிச்சேன்."

மேசையிலிருந்த கரண்டியை ஒதுக்கி வைத்தாள்.

"கரண்டி வலது கையிலேருந்து நழுவி விழுந்துச்சு. இடது கையால எடுத்துக்கிட்டா. வாய் ஒரு பக்கமா இழுத்துச்சு. அதையும் நான் பார்த்தேன். இன்னிக்கு அக்கா ரொம்ப குஷியா இருக்கான்னுதான் நினைச்சேன். இருபது நிமிஷம். கீழே விழுந்த பிறகுதான் ஓடினேன். கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா கையாவது தப்பிச்சிருக்கும்னு டாக்டர் சொன்னார். விழுந்த உடனே கொண்டு வந்துட்டோம்னு நான் அவர்கிட்ட சொன்னேன். கண்ணாடியை மாட்டிட்டு வேற வேலைக்குப் போயிருந்த அத்தான்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன்."

தபால்காரரைப் பார்த்தே முடித்தாள். "பேச்சு குழறினாலோ, பொருள் கை நழுவினாலோ, சிரிக்காதீங்க. தூக்கிட்டு ஓடி வந்துடுங்க."

அவர் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். ஊட்டச்சத்து நிபுணர் எழுந்து அந்தப் பேச்சைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். என்னென்ன அறிகுறிகள், எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனார். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். ஒரு வார்த்தையும் சின்னவள் காதில் ஏறவில்லை. கூட்டம் முடிவதற்கு முன்பே கண்ணாடியின் திருகுகளைக் கழற்றும் சத்தம்தான் கேட்டது. அத்தான் ஏணியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். அக்கா தங்கையின் பக்கம் பார்க்கவே இல்லை. ஏணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போகலாம் என்கிறாள் என்று சின்னவள் எடுத்துக்கொண்டாள்.

கலைந்து போகும்போது சில பெண்கள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த மாதமும் நீங்களே வந்து செய்ய வேண்டும் என்று நிபுணர் சொன்னார். பன்னிரண்டு வருஷத்தில் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. அவளுக்கு அது எங்கோ தூரத்தில் யாருக்கோ சொன்னது போல இருந்தது. மேசையைத் துடைத்தாள். பாத்திரங்களை அடுக்கினாள். மீதியிருந்த பூசணி மசியலை ஒரு டப்பாவில் போட்டு மூடினாள்.

வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அவள் பாத்திரக் கூடையோடு வந்தபோது அத்தான் அக்காவை முன் சீட்டில் தூக்கி உட்கார வைத்து முடித்திருந்தார். கண்ணாடி பின்னால் கட்டப்பட்டிருந்தது. கூடையை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீ பஸ்ல போயிடு" என்றார். "இனிமே வீட்டுக்கு வர வேண்டாம். நான் பார்த்துக்கறேன்."

 அவளுக்கு நியாயம்தான் என்று தோன்றியது. டப்பாவை மட்டும் அவரிடம் நீட்டி, சூடு ஆறுவதற்குள் அக்காவுக்குக் கொடுத்துவிடச் சொன்னாள். அவர் வாங்கவில்லை.

அத்தான் சுற்றி வந்து அக்கா பக்கத்துக் கதவைச் சாத்தப் போனார். சாத்த முடியவில்லை. அக்கா இடது கையால் கதவின் உள்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். கையை எடுக்கச் சொன்னார். எடுக்கவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அவள் மறுபடியும் பிடித்துக்கொண்டாள். மழை உள்ளே அடித்து மடியிலிருந்த ஏப்ரன் நனைந்தது. இரண்டு மூன்று முறை இப்படி ஆனது. அவருக்குத் தெம்பு போய்விட்டது.

"ஏறு" என்றார் சின்னவளைப் பார்க்காமலே.

அவள் பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். அப்போதுதான் அக்கா பிடியை விட்டாள். அத்தான் தன் இடத்தில் வந்து உட்கார்ந்து சாவியைப் போட்டார். திருகவில்லை.

அக்கா கழுத்தை முழுதாகத் திருப்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமான பார்வை என்று சொல்ல முடியாது. காத்திருக்கிற பார்வை. கூட்டத்தில் ஏணியைப் பார்த்ததும் இதே பார்வைதான் என்று சின்னவளுக்கு இப்போது புரிந்தது. அவர் வண்டியின் முன்கண்ணாடியில் வழிகிற மழையைப் பார்த்தார், ஸ்டியரிங்கைப் பார்த்தார். மனைவியை மட்டும் பார்க்கவில்லை.

சாவியிலிருந்து கையை எடுக்காமலே பேசினார்.

"அன்னிக்குக் காலையிலயே சொன்னா. பல் தேய்க்கும்போதே கை மரத்துப் போகுதுன்னா."

சின்னவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தூங்கும்போது கை அமுங்கியிருக்கும், போகப் போகச் சரியாயிடும்னு சொன்னேன். கண்ணாடி மாட்ட நேரமாகுது, கிளம்பு கிளம்புன்னு நான்தான் அவசரப்படுத்தினேன்." அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. "உன் இருபது நிமிஷத்துக்கு முன்னாடி என்னோட ரெண்டு மணி நேரம் இருக்கு."

ஆஸ்பத்திரி வாசலில் யாரோ குடையை உதறினார்கள். அக்கா பார்வையைத் திருப்பி முன்னால் பார்த்தாள். அவள் முகத்தில் வியப்பு இல்லை. புதிதாக எதையும் கேட்டவள் முகமே இல்லை அது.

சின்னவள் முன்னால் குனிந்தாள்.

"அக்கா, நான் சிரிச்சது உனக்கு ஞாபகம் இருக்கா?"

அக்கா தலையாட்டினாள். ஆமாம்.

"மூணு மாசமாவா?"

ஆமாம்.

மூன்று மாதமாக இரண்டு பேரும் மாறி மாறி அவள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் போனால் மற்றவர். எதிர்பாராமல் நடந்துவிட்டது, யார் என்ன செய்ய முடியும் என்று வருகிறவர்களிடமெல்லாம் அவள் காது கேட்கவே சொல்லிக்கொண்டு, அதே கையால் கரண்டியை நீட்டிக்கொண்டு. அவளிடம் இருந்தது ஒரு வார்த்தை. அதுவும் சரியான வார்த்தை இல்லை.

நிபுணர் கையால் காலியான கிண்ணம் சின்னவளுக்கு நினைவு வந்தது. கேட்பதற்குப் பயமாக இருந்தது. கேட்டாள்.

"அதனாலதான் எங்க கையால சாப்பிடலையா?"

அக்கா தலையை ஆட்டவும் இல்லை, மறுத்து அசைக்கவும் இல்லை. மழை கூடியது. அத்தானின் விரல் சாவியின் மேலேயே இருந்தது. சின்னவள் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அக்காவின் பின்தலையைப் பார்த்தபடி பதிலுக்குக் காத்திருந்தாள்.